பெயர் மட்டும் விண்டோஸ்: கணினியை மெதுவாக்கும் மாறுவேட மால்வேரைக் கண்டுபிடித்து நீக்குவது எப்படி?

உறவினர் ஒருவரின் லேப்டாப் என் கைக்கு வந்தது. "எதையுமே திறக்கவில்லை, ஆனாலும் விசிறி இரைகிறது" என்பதுதான் புகார். உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான், இரைச்சல். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சிபியு 4 சதவீதம். விசிறியும் அடங்கிவிட்டது. சரி என்று டாஸ்க் மேனேஜரை மூடினேன். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, மறுபடி இரைச்சல்.

யாரோ விளக்குப் போட்டதும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும் திருடன்தான் இது. டாஸ்க் மேனேஜர் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்து, திறந்த உடனே வேலையை நிறுத்திவிடும் மால்வேர்கள், அதாவது கெடுதல் செய்யும் புரோகிராம்கள், பல உண்டு. அந்த ஒரு அறிகுறியிலேயே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. மீதிப் பாதிக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது. அந்த மாலையில் செய்ததையும், முதலில் செய்திருக்க வேண்டியதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எல்லாம் விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கானது.

முதலில்: இது மால்வேர்தானா?

கணினி மெதுவாக இருக்கிறது என்றாலே வைரஸ் என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் காரணம் சாதாரணமானதாகத்தான் இருக்கும். சி டிரைவில் இடமே இல்லாமல் இருக்கலாம். பழைய ஹார்டு டிஸ்க் சாகக் கிடக்கலாம். அப்போது டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும், சிபியு சும்மா இருக்கும். உள்ளே தூசி அடைத்துச் சூடேறினால் சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிரவுசரில் நாற்பது டேப் திறந்து வைத்திருப்பவர்களுக்கு நான் எதுவும் சொல்வதற்கில்லை.

பார்த்தவுடன் பலரும் பயப்படும் சில பெயர்களையும் சொல்லிவிடுகிறேன். 'சிஸ்டம் ஐடில் புராசஸ்' 95 சதவீதம் காட்டினால் சிபியு 95 சதவீதம் சும்மா இருக்கிறது என்று பொருள். அது நல்ல செய்தி. 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்' என்பது விண்டோஸின் சொந்த டிஃபென்டர். 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்' அப்டேட் வந்த பிறகு கொஞ்ச நேரம் சிபியுவைத் தின்னும், பிறகு ஓய்ந்துவிடும். 'சர்வீஸ் ஹோஸ்ட்' என்ற பெயரில் எழுபது, எண்பது வரிகள் இருப்பதும் வழக்கம்தான். 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, மெமரி 3.5 ஜிபிக்கு மேல் இருக்கும் கணினிகளில் பெரும்பாலான சர்வீஸ்கள், அதாவது பின்னணியில் ஓடும் வேலைகள், தனித்தனி ஹோஸ்டில் ஓடுகின்றன.

சந்தேகப்பட வேண்டியது எப்போது? எதுவும் செய்யாதபோது விசிறி ஓடி, மவுஸை அசைத்ததும் அடங்கினால். டிஃபென்டர் தானாக அணைந்து கிடந்தால், அல்லது திறக்கவே மறுத்தால். ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்காமல் போனால். இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே படியுங்கள்.

கை வைப்பதற்கு முன்

இணையத்தைத் துண்டியுங்கள். வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். கணினியை மெதுவாக்குவது பெரும்பாலும் அந்த மால்வேரின் ஒரு வேலை மட்டுமே; பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளி அனுப்புவது இன்னொரு வேலையாக இருக்கலாம். இந்தக் கணினியிலிருந்து வங்கிக் கணக்கையோ மெயிலையோ திறக்காதீர்கள். பேக்கப் டிஸ்க்கையும் இப்போது செருக வேண்டாம்.

கருவிகள் இரண்டு தேவை: ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களை (புராசஸ்களை) விரிவாகக் காட்டும் புராசஸ் எக்ஸ்புளோரர், தானாகத் தொடங்குபவற்றைக் காட்டும் ஆட்டோரன்ஸ். இரண்டும் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்தவை, இலவசம், இன்ஸ்டால் செய்யவே தேவையில்லை. மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் இருவரும் உருவாக்கிய அந்தத் தொகுப்பை 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. எனவே மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து மட்டும், வேறொரு நல்ல கணினியில் இறக்கி, பென்டிரைவில் கொண்டு வாருங்கள். தேடல் முடிவில் முதலில் வரும் 'இலவச கிளீனர்' எதையும் தொட வேண்டாம். பேயை ஓட்டப் போய்ப் பிசாசை அழைத்து வந்த கதையாகிவிடும்.

பென்டிரைவிலிருந்து இயக்கும் முன் அந்த ஃபைல்களின் பெயரை மாற்றிவிடுங்கள், 'கணக்கு1' மாதிரி எதையாவது வையுங்கள். கருவியின் பெயரைப் பார்த்து ஒளிந்துகொள்ளும் மால்வேர்கள் பல இந்தச் சின்ன தந்திரத்திலேயே ஏமாறும்.

மாறுவேடம் எப்படிப் போடுகிறார்கள்?

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. விண்டோஸில் ஒரு புரோகிராமுக்கு எந்தப் பெயரை வேண்டுமானாலும் வைக்கலாம். மேலே சொன்ன சர்வீஸ் ஹோஸ்டின் ஃபைல் பெயரான 'எஸ்விசிஹோஸ்ட்' என்ற பெயரில் ஒரு ஃபைலை டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வைத்து ஓட்டினால் விண்டோஸ் தடுக்காது. ஆகவே பெயர் எதற்கும் சான்று இல்லை. புதிதாக ஒருவர் வந்தால் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்போம் இல்லையா, அதையேதான் இங்கும் கேட்க வேண்டும்.

எழுத்தை மாற்றுவது பழைய வித்தை. 'எஸ்விசி' என்பதில் இரண்டு எழுத்துகளை இடம் மாற்றுவார்கள். ஆங்கில ஓ இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் வைப்பார்கள். லாகினைக் கவனிக்கும் 'எல்சாஸ்' என்ற முக்கியமான விண்டோஸ் புராசஸ் சிறிய ஆங்கில எல்லில் தொடங்கும். போலி, பெரிய ஐயில் தொடங்கும். திரையில் இரண்டும் ஒரே கோடாகத்தான் தெரியும், கண்ணால் பிடிப்பது கஷ்டம். ஆனால் டாஸ்க் மேனேஜரில் பட்டியலைப் பெயர் வாரியாக அடுக்கிப் பாருங்கள். அசல், எல் வரிசையில் நிற்கும். போலி, ஐ வரிசையில் போய் நின்று தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது பெயரைச் சரியாக வைத்து, இடத்தை மாற்றுவது. எஸ்விசிஹோஸ்டின் வீடு, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஸ்டம்32. எல்சாஸ், சர்வீசஸ், வின்லாகான் எல்லாவற்றுக்கும் அதே வீடுதான். எக்ஸ்புளோரர் மட்டும் ஒரு படி வெளியே, நேராக விண்டோஸ் ஃபோல்டரில் இருக்கும். இந்தப் பெயர்களில் ஏதாவது ஒன்று ஆப்டேட்டா, டெம்ப், புரோகிராம்டேட்டா போன்ற இடங்களிலிருந்து ஓடினால் பேச்சே இல்லை, போலிதான். இன்னும் நுட்பமான ஒன்று உண்டு: 'விண்டோஸ்' என்ற பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி சேர்த்துத் தனி ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் ஒரு போலி சிஸ்டம்32 வைப்பார்கள். சி டிரைவைத் திறக்கும்போது விண்டோஸ் என்று இரண்டு ஃபோல்டர் தெரிந்தால் அது கண்ணின் கோளாறு அல்ல.

மூன்றாவது வகைதான் தொல்லை. ஃபைல் அசல், இடமும் சரி, யார் உருவாக்கியது என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையெழுத்தும் மைக்ரோசாஃப்டுடையது. ஆனால் செய்யும் வேலை மால்வேருடையது. பவர்ஷெல், ரன்டிஎல்எல்32 போன்ற விண்டோஸின் சொந்தப் புரோகிராம்களை அழைத்து ஒரு கெட்ட ஸ்கிரிப்டை (கட்டளைத் தொகுப்பை) ஓடவைப்பார்கள். அல்லது அசல் எஸ்விசிஹோஸ்டைத் தொடங்கி, மெமரியில் அதன் உள்ளடக்கத்தைத் துடைத்துவிட்டுத் தங்கள் நிரலை நிரப்புவார்கள். இங்கே ஊரைக் கேட்டு மட்டும் பயனில்லை. யார் தொடங்கியது, என்ன கட்டளையுடன் தொடங்கியது என்று கேட்க வேண்டும்.

இத்தனை வேலை எதற்காக?

உங்கள் சிபியுவை வைத்துக் கணக்குகள் போட்டு, கிரிப்டோ என்ற டிஜிட்டல் நாணயத்தைத் 'தோண்ட', அதாவது சம்பாதிக்கத்தான், பெரும்பாலும். 2017 செப்டம்பரில் வந்த காயின்ஹைவ், ஒரு தளத்தைத் திறந்தாலே பிரவுசருக்குள் தோண்டத் தொடங்கியது. 2019 மார்ச்சில் மூடப்பட்டது. ஆனால் அந்தத் தொழில் மூடப்படவில்லை. மொனேரோ என்ற நாணயம் 2019 நவம்பரில் ரேண்டம்எக்ஸ் என்ற முறைக்கு மாறியது. சாதாரண சிபியுவில் தோண்டுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட முறை அது. விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத உங்கள் லேப்டாப்பும் திருடனுக்கு லாபம் தருவது இதனால்தான். அந்த முறை முழு வேகத்தில் ஓட 2 ஜிபிக்கு மேல் மெமரி வேண்டும். எனவே பெயர் தெரியாத ஒரு புராசஸ் சிபியுவோடு சேர்த்து 2 ஜிபி மெமரியும் பிடித்திருந்தால் அதுவே ஒரு கைரேகை.

விசாரணையைத் தொடங்கலாம்

முதலில் டாஸ்க் மேனேஜரிலேயே செய்யக்கூடியதைச் செய்யுங்கள். 'டீடெய்ல்ஸ்' பகுதிக்குப் போய், மேலே உள்ள தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து 'செலக்ட் காலம்ஸ்' மூலம் 'இமேஜ் பாத் நேம்', 'கமாண்ட் லைன்' இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது ஒவ்வொன்றின் இடமும் கட்டளையும் தெரியும். அசல் எஸ்விசிஹோஸ்டின் கட்டளையில் கோடு போட்டு கே என்ற எழுத்தும், அதன் பின் ஒரு குழுப் பெயரும் இருக்கும். அது இல்லாமல் மொட்டையாக ஓடும் எஸ்விசிஹோஸ்ட் சந்தேகத்துக்குரியது. பவர்ஷெல்லின் கட்டளை வரியில் அர்த்தமில்லாத எழுத்துகள் பத்து வரிக்கு நீண்டால், அதை மறைக்க யாருக்கோ காரணம் இருக்கிறது.

பிறகு பெயர் மாற்றிய புராசஸ் எக்ஸ்புளோரரை அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்குங்கள். இதன் அழகு, பட்டியலை மரம்போலக் காட்டுவது. யார் யாருக்குப் பிறந்தது என்று கிளை கிளையாகத் தெரியும். எஸ்விசிஹோஸ்ட் எல்லாம் சர்வீசஸ் என்ற ஒரே தாயின் கீழ் இருக்க வேண்டும். எல்சாஸும் சர்வீசஸும் தலா ஒன்று மட்டுமே இருக்க வேண்டும். வேர்டு ஆவணத்தைத் திறந்ததும் அதன் கீழ் பவர்ஷெல் பிறந்தால், ஆவணத்துக்குள் ஏதோ இருக்கிறது.

'ஆப்ஷன்ஸ்' மெனுவில் 'வெரிஃபை இமேஜ் சிக்னேச்சர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு புரோகிராமின் டிஜிட்டல் கையெழுத்தும் சரிபார்க்கப்படும். கம்பெனி பெயர் என்ற கட்டத்தில் யார் வேண்டுமானாலும் மைக்ரோசாஃப்ட் என்று எழுதிக்கொள்ளலாம். 'வெரிஃபைட்' என்று வருவதுதான் கணக்கு. அதே மெனுவில் வைரஸ்டோட்டல் சோதனையும் உண்டு. அதற்கு மட்டும் சில நிமிடம் இணையத்தை இணைக்க வேண்டியிருக்கும். அது ஃபைலின் ஹாஷ் என்ற கைரேகையை அனுப்பி, எத்தனை ஆன்டிவைரஸ்கள் அதைக் கெட்டது என்கின்றன என்று எண்ணிச் சொல்லும். எழுபது சொச்சத்தில் ஒன்று மட்டும் கொடி பிடித்தால் தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். முப்பது பிடித்தால் இல்லை.

குற்றவாளி கிடைத்ததும் உடனே 'கில்' அழுத்த எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். பொறுங்கள். பல மால்வேர்கள் ஜோடியாக ஓடும். ஒன்றைக் கொன்றால் மற்றொன்று அதை எழுப்பிவிடும். எனவே முதலில் ரைட் கிளிக் செய்து 'சஸ்பெண்ட்' கொடுங்கள். உறைந்து கிடப்பது சாகவில்லை என்பதால் கூட்டாளி சும்மா இருப்பான். அவனையும் உறைய வைத்த பிறகு இரண்டையும் கொல்லுங்கள். கொல்வதற்கு முன் இடத்தையும் பெயரையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த கட்டத்துக்குத் தேவைப்படும். விண்டோஸின் அசல் புராசஸ் மேல் இதைச் செய்துவிடாதீர்கள். அசல் எல்சாஸைக் கொன்றால் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

வேர் எங்கே?

நான் தவறிய இடம் இது. அன்று அந்த ஃபைலைக் கண்டுபிடித்து, நிறுத்தி, அழித்து, வெற்றி என்று காபி குடிக்கப் போனேன். மறுநாள் காலை அதே ஃபோல்டரில் அதே பெயரில் அது உட்கார்ந்திருந்தது. இலையைக் கிள்ளிவிட்டு வேரை விட்டிருக்கிறேன்.

வேரைக் காட்டும் கருவி ஆட்டோரன்ஸ். கணினி தொடங்கும்போதும், லாகின் செய்யும்போதும், குறிப்பிட்ட நேரத்திலும் தானாக ஓடும் அனைத்தையும் ஒரே இடத்தில் காட்டும். அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கி, 'ஆப்ஷன்ஸ்' மெனுவில் மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைக்கச் சொல்லுங்கள். ஆயிரம் வரி ஐம்பதாகிவிடும். கையெழுத்தைச் சரிபார்க்கும் வசதியையும் இயக்குங்கள். இளஞ்சிவப்பு வரிகள் கையெழுத்து உறுதியாகாதவை. மஞ்சள் வரிகள், ஃபைல் இல்லாமல் வெறும் குறிப்பு மட்டும் எஞ்சியவை. இளஞ்சிவப்பெல்லாம் மால்வேர் அல்ல. சின்ன நிறுவனங்களின் நல்ல புரோகிராம்களும் அந்த நிறத்தில் வரும்.

லாகான், சர்வீசஸ், ஷெட்யூல்டு டாஸ்க்ஸ், டபிள்யூஎம்ஐ ஆகிய நான்கு பகுதிகளையும் நிதானமாகப் பாருங்கள். அந்த லேப்டாப்பில் வேர் ஷெட்யூல்டு டாஸ்க்ஸில் இருந்தது. ஏதோ பிரவுசரின் அப்டேட் வேலை மாதிரிப் பெயர். ஆனால் அந்த பிரவுசரே அந்தக் கணினியில் இல்லை! மணிக்கு ஒருமுறை ஒரு ஸ்கிரிப்டை ஓட்டி, ஃபைல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மறுபடி இறக்கிக்கொண்டிருந்தது. டபிள்யூஎம்ஐ என்பது விண்டோஸின் உள் நிர்வாக வசதி; அந்தப் பகுதியைப் பலர் பார்ப்பதே இல்லை. சாதாரண வீட்டுக் கணினியில் அது பெரும்பாலும் காலியாக இருக்கும் என்பதால், அங்கே ஏதாவது இருந்தால் கட்டாயம் விசாரியுங்கள்.

சந்தேகமான வரியை உடனே அழிக்காமல், முன்னால் இருக்கும் டிக்கை மட்டும் எடுங்கள். ரீஸ்டார்ட் செய்து பார்த்து, எதுவும் கெடவில்லை என்றால் பிறகு அழிக்கலாம்.

அடுத்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். டிஃபென்டர் எந்த இடத்தைச் சோதிக்கக் கூடாது என்று சொல்லும் பட்டியல் அது. உள்ளே நுழைந்ததும் தன் ஃபோல்டரை அங்கே சேர்த்துக்கொள்வது மால்வேரின் வழக்கம். சில சமயம் சி டிரைவையே சேர்த்திருக்கும். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக் கூடாது. இதைச் சரிசெய்யாமல் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் 'அச்சுறுத்தல் எதுவும் இல்லை' என்றுதான் வரும்.

ஸ்கேன்

இப்போதுதான் ஸ்கேனுக்கு நேரம். இணையத்தை இணைத்து டிஃபென்டரை அப்டேட் செய்து, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுமையாகத் தொடங்கும் முன்பே சோதனை நடக்கும். மால்வேர் எழுந்து ஒளிந்துகொள்ள வாய்ப்பு மிகக் குறைவு. சுமார் 15 நிமிடம் ஆகும். முடிவு 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி'யில் இருக்கும்.

டிஃபென்டரே திறக்க மறுத்தால், மிக அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடுக்குப் போங்கள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' என்று போய், வரும் பட்டியலில் 4 அழுத்தினால் சாதாரண சேஃப் மோட், 5 அழுத்தினால் இணையத்துடன். போவதற்கு முன், பூட்டிய டிஸ்க்கைத் திறக்கும் பிட்லாக்கர் ரிக்கவரி கீயைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சில கணினிகள் கேட்கும். பின் எண் வேலை செய்யாமல் போகலாம் என்பதால் அக்கவுண்டின் பாஸ்வேர்டும் நினைவில் இருக்கட்டும்.

இரண்டாவது கருத்துக்கு மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் அல்லது மால்வேர்பைட்ஸ் போதும். சேஃப்டி ஸ்கேனர் இறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும், ஆகவே பழையதை வைத்து ஓட்டாதீர்கள். இரண்டு ஆன்டிவைரஸை நிரந்தரமாக ஒரே கணினியில் வைப்பதும் வேண்டாம். அதுவே கணினியை மெதுவாக்கும்.

மிச்சம் மீதி

பிரவுசரில் நீங்கள் சேர்க்காத எக்ஸ்டென்ஷன்களை நீக்குங்கள், நோட்டிஃபிகேஷன் அனுமதி பெற்ற தளங்களையும் பாருங்கள். குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் பிரவுசரின் சொந்த டாஸ்க் மேனேஜர் வரும். எந்த டேப் தின்கிறது என்று தெரியும். நெட்வொர்க் அமைப்புகளில், உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு கணினி வழியாகத் திருப்பும் பிராக்ஸி தானாக இயங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சிஸ்டம்32-இல் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி, அதற்குள் ஹோஸ்ட்ஸ் என்ற ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள்; எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஃபைல் அது. சாதாரணமாக எல்லா வரிகளும் # குறியில் தொடங்கும். ஆன்டிவைரஸ் தளங்களின் பெயர்கள் அங்கே இருந்தால், அவை ஏன் திறக்கவில்லை என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

பாஸ்வேர்டுகள், வேறொரு கருவியிலிருந்து

சுத்தம் செய்த கணினியிலேயே பாஸ்வேர்டு மாற்ற உட்காராதீர்கள். போனிலிருந்தோ வேறு கணினியிலிருந்தோ மாற்றுங்கள், மெயில்தான் முதலில். பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக்அவுட் செய்யும் வசதியையும் பயன்படுத்துங்கள். நீங்கள் லாகின் செய்திருப்பதை நினைவில் வைக்கும் பிரவுசர் குக்கியைத் திருடியவனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், ஏற்கனவே திறந்திருக்கும் கதவு வழியாகவே வந்துவிடுவான்.

எப்போது எல்லாவற்றையும் அழிக்க வேண்டும்?

இரண்டாவது முறையும் திரும்பி வந்தால். கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் ரிமோட் கருவி ஏதாவது சிக்கினால். வங்கி வேலை நடக்கும் கணினி என்றால், என்னைக் கேட்டால், முதல் முறையே. மணிக்கணக்கில் துரத்துவதை விடப் புதிதாக விண்டோஸ் போடுவது விரைவு, நிம்மதியும் கூட. நல்ல கணினியில் மீடியா கிரியேஷன் டூல் மூலம் 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை ஏற்றி, அதிலிருந்து இன்ஸ்டால் செய்யும்போதே பழைய பார்ட்டிஷன்களை (டிஸ்க்கின் பிரிவுகளை) அழித்துவிடுங்கள். அதற்கு முன் படம், ஆவணம் போன்றவற்றை மட்டும் எடுத்து வையுங்கள், புரோகிராம் எதையும் எடுக்க வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், கணினி ஏற்றுக்கொள்ளும் என்றால் 11 போடுவதே சரி.

எப்படி உள்ளே வந்தது?

உறவினரின் விஷயத்தில், விலை கொடுக்காமல் ஒரு மென்பொருளை இயக்க உதவும் 'ஆக்டிவேட்டர்'. அதை ஓட்டும் முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லி ஒரு குறிப்பும் கூடவே இருந்ததாம், அவரும் அணைத்திருக்கிறார். இன்னொரு வழி 2024 முதல் பெருகிவருகிறது: 'நீங்கள் மனிதர்தானா' என்று கேட்கும் பக்கம், விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி, கன்ட்ரோல் வி அழுத்தி, என்டர் கொடுக்கச் சொல்லும். நீங்களே உங்கள் கையால் ஒரு பவர்ஷெல் கட்டளையை ஓட்டிவிடுகிறீர்கள். எந்த உண்மையான கேப்ட்சாவும் அப்படிக் கேட்காது.

மூன்றாவது, இரட்டை எக்ஸ்டென்ஷன். இது பிரவுசர் எக்ஸ்டென்ஷன் அல்ல, ஃபைலின் வகையைச் சொல்லும் பெயரின் கடைசிப் பகுதி. 2000 மே மாதம் உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' புழு, உரை ஃபைல் போலத் தெரிந்த ஒரு ஸ்கிரிப்ட்தான். விண்டோஸ் கடைசி எக்ஸ்டென்ஷனை மறைத்ததால் பலர் ஏமாந்தார்கள். இன்றும் அந்த மறைப்புதான் இயல்பான அமைப்பு. ஃபைல் எக்ஸ்புளோரரின் 'வியூ' மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை இப்போதே இயக்கிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கணினியைப் பத்து நிமிடம் தொடாமல் விட்டுவிட்டு, பெயர் மாற்றிய புராசஸ் எக்ஸ்புளோரரில் சிபியு எவ்வளவு, மெமரி எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து அதே மாதிரி பத்து நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். உறவினரின் லேப்டாப்பில் முதல் தடவை 3 சதவீதம், ஒரு வாரம் கழித்தும் 3. அதற்குப் பிறகுதான் அதைத் திருப்பிக் கொடுத்தேன்.